அத்தான் எழுதிய நான்கு சீட்டுகள்

சட்டக் கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவளிடம் வந்து மனிதர்களை நம்பு என்று யாரும் சொல்லக் கூடாது. மாதிரி நீதிமன்றப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போதே, அதற்குத் தேவையான தீர்ப்புத் தொகுதி அலமாரியில் இருக்காது. யாரும் எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். வரிச் சட்டப் பகுதியில், நாய்கூட எட்டிப் பார்க்காத கீழ்த்தட்டில், முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஒளித்து வைத்திருப்பார்கள். எதிரணிக்குக் கிடைத்துவிடக் கூடாதாம். நாளைக்கு நீதியைக் காப்பாற்றப் போகிறவர்கள் இவர்கள்தான். நான் முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே இழுப்பேன். அதனால் எனக்கு 'மோப்பம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் காதில் விழாது என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

எங்கள் நூலகத்துக்குச் செவ்வாயும் வியாழனும் வெளியாட்கள் வரலாம். வக்கீல் வைக்க வழியில்லாமல் தங்கள் வழக்கைத் தாங்களே நடத்துகிறவர்கள், வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்கிற குடித்தனக்காரர்கள், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்கள் என்று பலரும் வருவார்கள். உள்ளறையில் இருக்கும் புத்தகம் வேண்டுமென்றால் சீட்டு எழுதித் தர வேண்டும். அதில் புத்தகத்தின் பெயர், அட்டை எண், பிறகு எதற்காக என்று மூன்று கட்டங்கள்: படிப்பு, வழக்கு, சொந்தம். மேசையில் இருப்பவர் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சீட்டை ஒரு மரப்பெட்டியில் போடுவார். மாதக் கடைசியில் எத்தனை என்று எண்ணிவிட்டுக் கிழித்துப்போடுவோம். யார் எதைக் கேட்டார் என்பது அந்த மேசையைத் தாண்டிப் போகக் கூடாது. அது எங்கள் வாய்ச் சட்டம். இன்னொரு சட்டத்தை எழுதியே ஒட்டியிருக்கிறோம்: இங்கே சட்டம் காட்டப்படும், ஆலோசனை சொல்லப்படாது.

வியாழக்கிழமைகளில் நான் மேசையில் இருக்க மாட்டேன். கீழே கணினி அறையில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தீர்ப்புகளைத் தேடும் விதம் பற்றி வகுப்பு எடுப்பேன். அந்த வியாழன் திரை எரியவில்லை. பிள்ளைகள் சந்தோஷமாகக் கலைந்து போனார்கள். நான் மாடி ஏறி வந்தேன். ஜன்னல் ஓரத்துக் கடைசி மேசையில், சுவரைப் பார்த்தபடி, மூக்கு நுனியில் கண்ணாடியோடு என் அத்தான் உட்கார்ந்திருந்தார்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருக்கிற மனிதர். கல்யாண அழைப்பிதழைக்கூட முழுதாகப் படிக்க மாட்டார், தேதியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். அவர் முன்னால் தலையணை கனத்தில் ஒரு சட்டப் புத்தகம் திறந்து கிடந்தது. பக்கத்தில் ஏதோ எழுதிய தாள். என்னைப் பார்த்ததும் அந்தத் தாளைத் திருப்பி வைத்தார். எத்தனையோ கைகள் எத்தனையோ தாள்களைத் திருப்பி வைப்பதைப் பார்த்தவள் நான்.

"என்ன அத்தான், இந்தப் பக்கம்?"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் விழித்தார். "சும்மாதாம்மா. தெரிஞ்சவரு ஒருத்தருக்கு ஒரு விவரம் வேணும்னாரு."

"என்னைக் கேட்டிருக்கலாமே. இந்தக் கட்டடத்துல நான் ஒருத்தி இருக்கேன்ல?"

"உனக்கு எதுக்கு வீண் சிரமம்."

"அக்கா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா." கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் இங்க வந்ததைப் பத்தி அவகிட்ட எதுவும் கேக்காத. வீணாக் கவலைப்படுவா" என்றார்.

மடியில் கனமில்லாதவன் எதற்கு வழியில் பயப்பட வேண்டும்? நான் சிரித்து வைத்துவிட்டு வந்தேன். உள்ளே ஏதோ ஒன்று சுரண்ட ஆரம்பித்துவிட்டது.

மேசையில் அன்றைக்கு இரவல் இருந்தார். வேறு நூலகங்களிலிருந்து புத்தகம் இரவல் வாங்கித் தருவது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். நல்ல மனிதர். அதனாலேயே எரிச்சல் வரும்.

"கடைசி மேசைக்காரரு அடிக்கடி வருவாரா?" என்று கேட்டேன்.

"எந்தக் கடைசி மேசை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"மேடம், போன வருஷம் ஒரு பேராசிரியர் இதே மாதிரி ஒரு மாணவியைப் பத்தி விசாரிச்சாரு. அவரை நீங்க என்ன பாடு படுத்தினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"அவரு எங்க அத்தான்."

"அப்ப நேர்லயே கேக்கலாமே."

கேட்டிருக்கலாம்தான். ஒருவர் வந்து கேட்கும் முதல் கேள்வி அவருடைய உண்மையான கேள்வி அல்ல, இன்னும் இரண்டு கேள்வி கேட்டால்தான் அது வெளியே வரும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். 'விவாகரத்துப் புத்தகம் இருக்கா?' என்று கேட்கிறவளுக்கு வேண்டியது பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழாக இருக்கும். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நான் பெயர் வாங்கியிருக்கிறேன். அத்தானிடம் மட்டும் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

இரவல் தேநீர் குடிக்கப் போனதும் மரப்பெட்டியைத் திறந்தேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் எழுத்து எனக்குத் தெரியும். லிஃப்ட்டுக்குள் 'பழுது' என்று எழுதி மாட்டுகிறவரின் எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். மூன்று சீட்டுகள் கிடைத்தன. முதலாவது, தன் காரியங்களைத் தானே கவனிக்க இயலாதவருக்கு நீதிமன்றம் பொறுப்பாளர் நியமிப்பது பற்றிய நூல். இரண்டாவது, மனைவி பெயரிலுள்ள சொத்தில் கணவருக்குள்ள உரிமைகள். மூன்றாவது, ஒரு தீர்ப்புத் தொகுதியின் எண்ணும் பக்கமும். மூன்றிலும் 'சொந்தம்' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார். தெரிந்தவருக்கு விவரம் கேட்க வந்தவர் ஏன் சொந்தத்தில் டிக் அடிக்க வேண்டும்? பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை அந்த மனிதருக்கு.

வீடு அக்காவின் பெயரில் இருக்கிறது. எங்கள் கல்லூரி வாசலுக்கு எதிரே தையல் கடை வைத்து, தலைமுறை தலைமுறையாக வக்கீல் பிள்ளைகளுக்குக் கறுப்புக் கோட்டு தைத்துக் கொடுத்து அவள் கட்டிய வீடு. அப்பா அம்மா போனபோது எனக்குப் பதினொன்று, அவளுக்கு இருபது. என்னைப் படிக்க வைத்தது அவள்தான். 'சின்னவளே, நீ துணியைத் தொடாத, புத்தகத்தைத் தொடு' என்பாள். பிள்ளை இல்லாத அவளுக்கு நான்தான் பிள்ளை. அவள் மேல் ஒரு தூசு விழுந்தாலும் எனக்குப் பொறுக்காது.

இரண்டு வருடம் முன்பு திடீரென்று கடையை மூடிவிட்டாள். கண் சரியில்லை என்றார்கள். கடைசியாக அவள் தைத்த கோட்டு ஒன்றில் இரண்டு கையும் இடது கையாக இருந்தது. அந்த மாணவன் அதைப் போட்டுக்கொண்டு என் மேசை முன்னால் வந்து நின்றபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். இந்த முறை விருந்தாளியாகப் போகவில்லை. மோப்பமாகப் போனேன்.

சமையலறை இழுப்பறைகளில் சின்னச் சின்னத் தாள்கள் ஒட்டியிருந்தன. 'கரண்டி.' 'கத்தரிக்கோல்.' 'மருந்து, காலை.' எல்லாம் அத்தானின் தனித்தனி எழுத்து. அடுப்புக்குப் போகும் குழாயில் புதிதாக ஒரு பூட்டு, சாவி அவர் இடுப்பில். வாசல் கதவுக்கு உள்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், அக்காவுக்கு எட்டாத உயரத்தில்.

"என்னக்கா இது, நர்சரி பள்ளிக்கூடம் மாதிரி எழுதி ஒட்டியிருக்கு?"

அக்கா சிரித்தாள். "உங்க அத்தான் வேலை. வீட்ல சும்மா இருக்க முடியலையாம்."

"அடுப்புக்கு எதுக்குப் பூட்டு?"

அவள் பூட்டைப் பார்த்தாள். அப்போதுதான் முதல் தடவை பார்ப்பது போல இருந்தது. "தெரியலையே" என்றாள். அத்தான் கூடத்திலிருந்து, "கேஸ் கசியுதுன்னு போட்டேன்" என்று குரல் கொடுத்தார். நான் மோந்து பார்த்தேன். ஒரு கசிவும் இல்லை.

எனக்குப் படம் முழுதாகத் தெரிந்துவிட்டது. ஒரு பெண்ணுக்குச் சுயபுத்தி இல்லை என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டுமானால் வீட்டை இப்படித்தான் தயார் செய்ய வேண்டும். எழுதி ஒட்டு, பூட்டு, சாவியை வைத்துக்கொள், நாலு பேர் வரும்போது காட்டு. இத்தனை வருடம் வாயே திறக்காமல் இருந்தது இதற்குத்தானா?

திங்கட்கிழமை முதல் வேலையாக மூன்றாவது சீட்டில் இருந்த தீர்ப்பை எடுத்தேன். தீர்ப்புத் தொகுதிகளில் ஒவ்வொரு தீர்ப்புக்கும் மேலே பத்து வரியில் ஒரு சுருக்கம் அச்சிட்டிருப்பார்கள். அதற்குத் தலைக்குறிப்பு என்று பெயர். அதில் இருந்தது இதுதான்: மனைவிக்கு மறதி நோய் என்று சொல்லி, கணவன் தன்னைப் பொறுப்பாளராக நியமிக்கச் செய்கிறான். அவள் பெயரில் இருந்த வீட்டை விற்கிறான். அவளை ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறான். மனைவியின் தங்கை வழக்குத் தொடுக்கிறாள். நியமனம் ரத்து.

மனைவியின் தங்கை. அந்த வார்த்தையை இன்னொரு தடவை படித்தேன். இந்த மனிதர் மற்றவன் எங்கே மாட்டிக்கொண்டான் என்று பார்த்து வைத்துக்கொள்கிறார் என்று முடிவு கட்டினேன். தீர்ப்பு அறுபத்து மூன்று பக்கம். முதல் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக் கைப்பையில் வைத்தேன்.

செவ்வாய் அன்று நான் மேசையை விட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் நாலாவது சீட்டு விழுந்தது. 'பொறுப்பாளரின் அதிகாரமும் வரம்பும்.' வரம்பு தெரிந்தால்தானே வேலியைத் தாண்ட முடியும்.

வியாழன் அவர் நூலகத்தில் இருக்கும் நேரம் எனக்குத் தெரியும். அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அக்காவிடம் போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய துணியில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரே இடத்தில் மூன்று பொத்தான்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. கவனித்தேன். ஆனால் நான் சொல்ல வந்ததில் குறியாக இருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, புத்தகம், பூட்டு, தாழ்ப்பாள். மேசையைத் தாண்டக் கூடாதது எல்லாம் தாண்டிப் போயிற்று.

"அவரா?" என்றாள்.

"அவருதான்."

"வீட்டையா கேக்குறாரு?"

"வீட்டையும், உன்னையும் சேர்த்துத்தான்."

கைப்பையிலிருந்து நகலை எடுத்து வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். "அந்தப் பொண்ணுக்குத் தங்கச்சி இருந்தாளா?" என்று கேட்டாள்.

"இருந்தா. அவதான் கேஸ் போட்டா."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் ரோட்டைத் தாண்டும்போது பிடித்த அதே பிடி. "நல்லவேளை நீ இருக்க" என்றாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஐந்து மணிக்கு அத்தான் வந்தார். நாற்காலி போட்டு ஏறி அந்த உயரத் தாழ்ப்பாளை நானே போட்டிருந்தேன். அக்கா ஜன்னல் வழியாகப் பேசினாள். சத்தம் போடவில்லை. "என் வீட்டுக்குள்ள வராதீங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் அவளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

"என்னம்மா சொன்ன அவகிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லல அத்தான். சட்டத்தைக் காட்டினேன், அவ்வளவுதான்."

படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போனார். அக்கா அன்றைக்கு என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெளியாட்கள் வரக் கூடாத நாள். காவலாளி தொலைபேசியில், "உங்க அத்தானாம், நகர மாட்டேங்கிறாரு" என்றார். மேலே அனுப்பச் சொன்னேன். நாலு பேர் முன்னால் முகத்திரையைக் கிழித்துவிடலாம் என்று ஓர் எண்ணம்.

அவர் சண்டைக்கு வரவில்லை. மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்தார். "படி" என்றார்.

முதலில் மருத்துவமனைத் தாள். பத்து மாதத்துக்கு முந்தைய தேதி. மறதி நோய், ஆரம்ப நிலை. அடுத்தது அக்காவின் கையெழுத்தில் ஒரு கடிதம்.

'என்னங்க, இன்று எனக்குத் தெளிவாக இருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். நேற்று அடுப்பை எரியவிட்டு வெளியே போய்விட்டேன் என்று சொன்னீர்கள். எனக்கு நினைவில்லை. இனி என் பேச்சைக் கேட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். நான் நன்றாக இருக்கும்போதே என் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சட்டப்படி எழுதிவிட வேண்டும். அடுப்பைப் பூட்டுங்கள், நான் திட்டினாலும் சாவியைத் தராதீர்கள். வீட்டை விற்க வேண்டி வந்தால் சின்னவளின் கையெழுத்தும் வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். அவளுக்கு இப்போது சொல்ல வேண்டாம். அவள் தாங்க மாட்டாள். அதோடு, உங்களைச் சந்தேகப்படுவாள், டாக்டரைச் சந்தேகப்படுவாள். எல்லாம் முடிந்த பிறகு நானே பக்குவமாகச் சொல்கிறேன்.'

மூன்றாவது தாள் பாதி நிரப்பிய மனு. பொறுப்பாளர் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அவருடையது, இன்னொன்று என்னுடையது. கீழே பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தார்: 'தங்கையின் சம்மதம் இல்லாமல் வீட்டை விற்க முதலாமவருக்கு அதிகாரம் இல்லை.' தன் கையைத் தானே கட்டிக்கொள்ள என்ன வாசகம் எழுத வேண்டும் என்று அந்த மனிதர் நாலாவது புத்தகத்தில் தேடியிருக்கிறார். அன்றைக்கு என்னைப் பார்த்ததும் திருப்பி வைத்தது இந்தத் தாளைத்தான்.

"வக்கீல் வச்சுக்கலாம்னேன். அவதான் வேண்டாம், இந்தக் காலேஜ்ல யாரைக் கேட்டாலும் உன் காதுக்கு வந்துடும்னா" என்றார். பிறகு, "அந்தத் தீர்ப்பை நீ முழுசாப் படிச்சியா?" என்று கேட்டார்.

நான் தொகுதி இருந்த அலமாரியைப் பார்த்தேன்.

"நாப்பத்தி மூணாவது பத்தி."

தொகுதியை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னாலேயே பிரித்தேன். அந்த வழக்கில் நடந்த அநியாயம் இனி யாருக்கும் நடக்கக் கூடாது என்பதற்காக, நீதிபதி அங்கே ஒரு வழி சொல்லியிருந்தார். நோயாளி தெளிவாக இருக்கும்போதே தனக்கு யார் பொறுப்பு, எதுவரை பொறுப்பு என்பதைத் தன் வாயால் ஓர் அதிகாரி முன் சொல்லிப் பதிவு செய்யலாம். அந்தப் பதிவை நீதிமன்றம் மதிக்க வேண்டும். அத்தான் தேடி வந்தது அதைத்தான். லிஃப்ட் மெக்கானிக் அறுபத்து மூன்று பக்கத்தையும் படித்திருந்தார். 'தலைக்குறிப்பு நீதிபதி எழுதுனது இல்ல, அச்சாபீஸ்காரன் எழுதுனது. அதை மட்டும் படிச்சிட்டுத் தீர்ப்பைப் படிச்சேன்னு சொல்றவன் என் மூஞ்சியில முழிக்காத' என்று வருடா வருடம் முதலாண்டு வகுப்பில் சொல்கிறவள் நான்.

"எப்படியாவது சரி பண்ணும்மா" என்றார். "அவ உன் பேச்சைத்தான் கேப்பா."

கையோடு அவரை அழைத்துக்கொண்டு ஓடினேன். அவரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்னது தப்பு, எல்லாம் தப்பு என்றேன். கடிதத்தைக் கையில் கொடுத்தேன். அவள் கண்ணுக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"என் எழுத்து மாதிரியே எழுதியிருக்கான்" என்றாள். "சாயங்காலமானா கடையில பக்கத்துல உக்காந்து அளவு எழுதினவன்தானே."

"இல்லக்கா, இது நீ எழுதினது. நீதான் அவரை அனுப்பின."

"நானா?" என் கன்னத்தைத் தொட்டாள். முகத்தில் அப்படி ஓர் இரக்கம். "உன்னையும் ஏமாத்திட்டானா, சின்னவளே?"

நூலகத்தில் ஒரு தீர்ப்பு செல்லாது என்று மேல் நீதிமன்றம் சொல்லிவிட்டால், பழைய தீர்ப்பின் தலையில் ஒரு சிவப்புத் தாளை ஒட்டிவிடுவேன். திறக்கிறவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். அக்காவுக்கு அதை எங்கே ஒட்டுவது? தினம் காலையில் எழுந்ததும் சொன்னேன். தலையாட்டுவாள், சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவாள். நான் திருத்திச் சொன்னது மறந்தது. முதலில் சொன்னது மறக்கவில்லை.

கல்லூரியின் இலவசச் சட்ட உதவி மையத்திலிருந்து ஒரு பேராசிரியரும், பதிவு செய்ய ஓர் அதிகாரியும் வீட்டுக்கு வந்தார்கள். நான்தான் கெஞ்சி வரவழைத்தேன். நல்ல நாளாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். நல்ல நாளாகவே இருந்தது. அக்கா நாற்காலி எடுத்துப் போட்டாள், தேதி கேட்டால் தேதி, கிழமை கேட்டால் கிழமை, என் வயதுகூடச் சரியாகச் சொன்னாள். உங்களுக்குப் பொறுப்பாளராக யார் இருக்க வேண்டும் என்று அதிகாரி கேட்டார்.

"யாரு வேணா இருக்கட்டும் சார். என் புருஷன் மட்டும் வேணாம். அவரு என் வீட்டை எழுதி வாங்கிட்டு என்னை எங்கயோ தள்ளப் பாக்குறாரு."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அக்காவின் கடிதத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க இவ்வளவு தெளிவாப் பேசுறப்ப நான் இதைத்தாம்மா எழுத முடியும்" என்றார். எழுதினார். அக்கா கையெழுத்துப் போட்டாள். அத்தனை தெளிவாக அவள் பேசியது அதுதான் கடைசி. ஆண்டாண்டு காலமாக அவளோடு வாழ்ந்த மனிதரை வாசலுக்கு வெளியே நிறுத்த, அவர் தேடிக் கண்டுபிடித்த அந்த நாற்பத்து மூன்றாவது பத்தியே போதுமானதாக இருந்தது.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. நீண்ட விடுப்பில் நான் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டேன். அத்தான் பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். தினமும் காலையில் மருந்தும் பாலும் பழமும் வாங்கிக்கொண்டு வந்து வேலிக்கு அந்தப்பக்கம் நின்று என்னிடம் கொடுப்பார். "தூங்கினாளா?" என்பார். "சாப்பிட்டாளா?" என்பார். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டினால் தேவலை என்று இருக்கும். அக்கா ஜன்னலில் நிற்பதைப் பார்த்துவிட்டால் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார், அவள் பயப்படக் கூடாது என்பதற்காக.

அக்காவுக்கு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. கடை போயிற்று. அப்பா அம்மா இறந்தது போயிற்று, எப்போது வருவார்கள் என்று கேட்கிறாள். ஊசியில் நூல் கோர்க்கும் விதம் போயிற்று. போன வாரம் நான் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, "நீ புதுசா வேலைக்கு வந்திருக்கியா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். மறுத்தால் மிரண்டுவிடுவாள்.

"கை பதமா இருக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வெளியில ஒரு ஆளு வந்து நிப்பான். அவன் எது குடுத்தாலும் வாங்காத" என்றாள்.

"ஏம்மா, பாவம், நல்லவரு மாதிரிதானே தெரியறாரு?"

"எல்லாரும் அப்படித்தான் ஏமாறுறாங்க."

"கெட்டவருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

கேட்டிருக்கக் கூடாது. அவள் சீப்பை விலக்கிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். பல மாதமாக அந்த முகத்தில் நான் பார்க்காத வெளிச்சம்.

"என் தங்கச்சி சொன்னா" என்றாள். "சட்டக் காலேஜ்ல பெரிய வேலையில இருக்கா. எதையும் புத்தகத்துல பார்க்காமப் பேச மாட்டா. நான்தான் அவளைப் படிக்க வச்சேன்."